கூர்நோக்கு இல்லத்திலிருந்து வீட்டுக்கு

பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஒருவன் பைக் திருடிப் பிடிபட்டால் தெருவில் அவனுக்குப் பெயர் திருடன்; செய்தித்தாளில் இளம் குற்றவாளி. சட்டப் புத்தகம் மட்டும் அவனைச் ‘சட்டத்தோடு முரண்பட்ட குழந்தை’ என்கிறது. சுற்றிவளைத்துப் பேசுவதுபோலத் தோன்றும் இந்தச் சொல்லின் மேல்தான் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நிற்கிறது. பெரியவர்களைக் கைது செய்வார்கள். இவனைப் ‘பிடித்து வந்ததாக’ எழுதுவார்கள். அவர்களுக்குத் தண்டனை, இவனுக்கு ‘உத்தரவு’. குற்றவாளி என்ற முத்திரை விழும்படியான சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்பதையே அந்தச் சட்டம் தன் கோட்பாடுகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் இச்சட்டம் 2017ஆம் ஆண்டின் மாநில விதிகளின்படி நடக்கிறது. நெடுங்காலம் சமூகப் பாதுகாப்புத் துறை என்று அறியப்பட்டு, அண்மையில் குழந்தைகள் நலம் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்று பெயர் மாறிய துறையிடம் அதன் பொறுப்பு இருக்கிறது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாடு முழுவதும் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. பிடிக்கப்பட்டவர்கள் 37,780 பேர். இவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் 16 வயதுக்கு மேல் 18க்குள் இருப்பவர்கள். பெண் பிள்ளைகள் மிகச் சிலர். நாட்டில் ஓர் ஆண்டில் பதிவாகும் எல்லாக் குற்ற வழக்குகளோடும் வைத்துப் பார்த்தால் சிறார் வழக்குகள் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. அதே அறிக்கை ஆண்டு தவறாமல் சொல்லும் இன்னொரு விவரம் பலருக்கு வியப்பாக இருக்கும்: பிடிபடும் சிறாரில் மிகப் பெரும்பாலோர் பெற்றோரோடு வசிப்பவர்கள். தாய் தகப்பன் இல்லாமல் தெருவில் வளர்ந்தவன்தான் திருடனாவான் என்பது சினிமா கற்பித்த கணக்கு.

பதின்வயதில் ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு மூளை ஆய்வாளர்கள் தரும் விளக்கம் எளிது. ஆசை, கோபம், கிளர்ச்சி ஆகியவற்றுக்கான மூளைப் பகுதிகள் பருவம் எட்டியதும் விழித்துக்கொள்கின்றன. அவற்றுக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைத் தாண்டித்தான் முழு முதிர்ச்சி அடைகிறது. தனியாகப் போகும்போது ஒழுங்காக வண்டி ஓட்டும் பையன், பின்னால் நண்பன் உட்கார்ந்துவிட்டால் முன்சக்கரத்தைத் தூக்குவது இதனால்தான். குற்றவியல் ஆய்வுகள் பல நாடுகளில் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது: குற்றச் செயல்கள் பதின்பருவத்தின் கடைசியில் உச்சத்துக்குப் போய், இருபதுகளில் மளமளவெனச் சரிகின்றன. வேலை, கல்யாணம், பொறுப்பு என்று வந்ததும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். தானாகவே திருந்தக்கூடிய பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கையில், அரசு அமைப்பின் முதல் வேலை அவர்களை மேலும் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது.

இந்த ஆய்வுகள் எல்லாம் வருவதற்கு முன்பே சென்னை மாகாணம் ஓரளவு இதை உணர்ந்திருந்தது. பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பாமல் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப 1876இலும் 1897இலும் ஆங்கிலேய அரசு சட்டம் போட்டது. செங்கல்பட்டில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த சீர்திருத்தப் பள்ளி அந்த ஏற்பாட்டில் வந்ததுதான். பையன்களுக்குப் பாடமும் கைத்தொழிலும் கற்றுத்தந்த அந்த இடமே பின்னாளில் அரசினர் சிறப்பு இல்லமாயிற்று. 1919-20இல் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்த அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை ஆளுநரின் நிர்வாக சபையில் இருந்தவர். சிறுவர்களைப் பெரியவர்களோடு அடைப்பதையும், பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிறுத்துவதையும் அந்தக் குழு ஏற்கவில்லை. 1920இல் சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம் அது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன.

முதலில் தொடங்கிய பெருமை இருந்தாலும், நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் வர 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்திரிகையாளர் ஷீலா பார்ஸே தொடுத்த வழக்கில், சிறைகளில் பெரியவர்களோடு கிடந்த பிள்ளைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் மாநிலங்களைக் கேள்வி கேட்ட காலம் அது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 18 வயது என்று இரு வரம்புகள் இருந்தன. குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதன்பின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 என்று ஆக்கியது. இப்போது நடப்பிலிருக்கும் சட்டம் 2016 ஜனவரி 15இல் அமலுக்கு வந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமே ஆகாது என்ற பழைய விதி, இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகும் மாறவில்லை.

பையன் பிடிபட்ட கணத்திலிருந்து சட்டம் என்ன எதிர்பார்க்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவர் சீருடையில் இல்லாமல் சாதாரண உடையில் பையனோடு பேச வேண்டும். கைவிலங்கு கூடாது. லாக்கப்பில் ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது. பெற்றோருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குற்றம் கொடியதாகவோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தால்தான் எஃப்.ஐ.ஆர். போடலாம். மற்றவற்றை நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, பையனின் குடும்பப் பின்புலத்தைச் சேர்த்து அனுப்பினால் போதும். பைக் காணாமல் போனவர் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டு நிற்கையில் எழும் சச்சரவுகளில் சில இந்த விதி அறியாததால் வருபவை.

குழுமத்தில் மூவர் உட்காருவார்கள். ஒருவர் குற்றவியல் நடுவர். மற்ற இருவரும் சமூகப் பணியாளர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நீதிமன்ற வளாகத்திலோ சிறை வளாகத்திலோ குழுமம் கூடக் கூடாது என்கிறது விதி. மேடை கிடையாது, கூண்டு கிடையாது. மேசைக்கு இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் பையனும் அவன் அம்மாவும் என்று ஒரே தரையில் உட்கார்ந்து பேச வேண்டும். ஜாமீன் என்பது இங்கே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு. வெளியே விட்டால் தெரிந்த ரவுடிகளோடு சேர்ந்துவிடுவான், அவன் உடலுக்கோ மனத்துக்கோ ஆபத்து வரும், நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். அந்தக் காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். விசாரணை நான்கு மாதத்துக்குள் முடிய வேண்டும். சிறிய குற்றமாக இருந்து நீட்டித்த காலத்திலும் முடியவில்லை என்றால் வழக்கையே கைவிட்டுவிட வேண்டும்.

இந்த அமைப்பின் உயிர்நாடி ஒரு காகிதத்தில் இருக்கிறது. அதற்குச் சமூக விசாரணை அறிக்கை என்று பெயர். எழுத வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். காவல் துறை என்ன திருடினான் என்று கேட்கிறது. இந்தப் படிவம் அவன் யார் என்று கேட்கிறது. வீட்டில் எத்தனை பேர், அப்பா என்ன வேலை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உறவு எப்படி, வீட்டில் யாருக்காவது குடிப்பழக்கம் உண்டா, முன்பு யாராவது அவனைத் துன்புறுத்தியிருக்கிறார்களா என்று கேள்விகள் நீளும். பழக்கங்கள் என்ற இடத்தில் புகை, மது, போதை, சூதாட்டத்தோடு புத்தகம் படிப்பது, படம் வரைவது, விளையாடுவது ஆகியவையும் கட்டம் கட்டமாக இருக்கும். பள்ளியை விட்டதற்கான காரணங்களின் பட்டியலைப் படித்தாலே ஒரு மாநிலத்தின் கல்வி வரலாறு தெரியும்: தேர்வில் தோல்வி, வாத்தியார் கண்டுகொள்ளாதது, அடி, அவமானம், கூடப் படிப்பவர்களின் சீண்டல், பக்கத்தில் பள்ளி இல்லாதது, குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டியது, பாடம் நடத்தும் மொழி புரியாதது.

நிரப்பும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்பதாவதோடு நின்றுவிட்டு மெக்கானிக் ஷெட்டில் எடுபிடி வேலை பார்க்கும் ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளலாம். பைக்கை எடுத்துப்போய் ஊர் சுற்றிவிட்டு, பெட்ரோல் தீர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டு வந்தவன். “ஏம்ப்பா ஸ்கூல விட்ட?” என்று கேட்டால், “போகப் பிடிக்கல மேடம்” என்பான். அவசரத்தில் இருப்பவர் ‘படிப்பில் ஆர்வமின்மை’ என்று கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். நேரம் இருப்பவர் அவன் வீட்டுக்குப் போவார். அண்டை வீட்டு அக்காவிடம் பேசுவார். பழைய பள்ளிக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார். ஒன்பதாவது அரையாண்டு வரை ஒழுங்காக வந்தவன், அப்பா இறந்த மாதத்திலிருந்து வராமல் போனான் என்பது அப்போதுதான் தெரியும். முதல் அறிக்கையை வைத்துக் குழுமம் என்ன செய்ய முடியும்? ‘கண்டித்து அனுப்புகிறோம்’ என்று எழுதலாம். இரண்டாவது அறிக்கை கையில் இருந்தால் அம்மாவுக்கு விதவை ஓய்வூதியம், பையனுக்குத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு, மாலையில் ஐ.டி.ஐ. என்று ஒரு பாதை போடலாம். அறிக்கைக்குச் சட்டம் தரும் அவகாசம் பதினைந்து நாள். ஒரே அலுவலர் பல வழக்குகளைச் சுமக்கையில் வீடு தேடிப் போவதுதான் முதலில் விடுபடும்.

விசாரணையில் குற்றம் உறுதியானால் குழுமம் தரக்கூடிய உத்தரவுகளை 18ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையைக் கவனித்துப் படிக்க வேண்டும்: அறிவுரை சொல்லி, ஆலோசனை தந்து வீட்டுக்கு அனுப்புவது முதலில் வருகிறது. அடுத்துக் குழு ஆலோசனை, சமூகப் பணி, பெற்றோர் மீது அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவிப்பு, தகுதியான ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் விடுவது. சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவது கடைசியில்தான் வருகிறது. அதுவும் அதிகபட்சம் மூன்று ஆண்டு. சமூகப் பணி என்பது 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பூங்காவைப் பராமரிப்பது, மருத்துவமனையில் உதவுவது, முதியோருக்குத் துணையாக இருப்பது, போக்குவரத்தைச் சீர்செய்வது போன்ற வேலைகள். இவற்றோடு பள்ளிக்குப் போக வேண்டும், தொழிற்பயிற்சிக்குப் போக வேண்டும், போதை மீட்பு சிகிச்சை பெற வேண்டும் என்றும் குழுமம் சேர்த்து உத்தரவிடலாம். இல்லத்தில் அடைப்பதுதான் மறுவாழ்வு என்று நினைப்பவர்கள் சட்டத்தைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

இல்லங்கள் மூன்று வகை. விசாரணை முடியும்வரை தங்க வைப்பது கூர்நோக்கு இல்லம். உத்தரவுக்குப் பின் அனுப்புவது சிறப்பு இல்லம். விசாரணைக்கு இடையிலேயே 18 வயதைத் தாண்டியவர்களுக்கும், கொடுங்குற்ற வழக்கில் உள்ள 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பாதுகாப்பு இல்லம். சென்னைக்காரர்களுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். ‘கெல்லீஸ்’ என்று சொன்னால் போதும். புரசைவாக்கத்தை ஒட்டிய அந்த இடத்தின் பெயரே பிள்ளைகளை மிரட்டும் சொல்லாகிவிட்டது. வந்து ஒரு மாதத்துக்குள் ஒவ்வொரு பையனுக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுதப்பட வேண்டும் என்கிறது விதி. உடல்நலம், மனநலம், படிப்பு, தொழில், குடும்ப உறவு ஆகிய ஒவ்வொன்றிலும் அவனுக்கு என்ன தேவை, யார் செய்வது, எப்போது என்று அதில் இருக்க வேண்டும். வயதுவாரியாகப் பிரித்துத்தான் படுக்க வைக்க வேண்டும்; 12 வயதுப் பிள்ளையை 17 வயதுக்காரனோடு விடக் கூடாது.

இந்த விதிகளுக்கும் நடப்புக்கும் இடையிலான தூரத்தைத் தமிழ்நாடு கசப்போடு பார்த்திருக்கிறது. 2016இல் கெல்லீஸ் இல்லத்திலிருந்து சிறுவர்கள் கூட்டமாகத் தப்பி ஓடினர். 2022 டிசம்பர் 31 அன்று, ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்ட இரண்டே நாளில் இறந்தான். அவனை அடித்ததாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதாயினர். சில மாதங்களில் வேலூர் பாதுகாப்பு இல்லத்திலிருந்து சிலர் தப்பியோடிய செய்தி வந்தது. இல்லங்களைச் சீரமைப்பது பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. அவர் அறிக்கையும் தந்தார். செங்கல்பட்டில் நடந்தது சட்டத்தின் ஓட்டையால் நேர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பேட்டரித் திருட்டு கொடுங்குற்றம் அல்ல. ஜாமீன் பொது விதி. அடிக்கக் கூடாது என்பது எழுத்தில் இருக்கிறது. அத்தனையும் இருந்தும் ஒரு பையன் போய்விட்டான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் காவல் வேலையாக நினைக்கும் பழக்கம், சீர்திருத்தப் பள்ளிக் காலத்திலிருந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெரிதும் வாதிக்கப்பட்ட பகுதி வேறு. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டு வன்புணர்வில் குற்றம் சாட்டப்பட்ட ஆறு பேரில் ஒருவனுக்கு அப்போது 17 வயது. அன்றைய சட்டப்படி மூன்று ஆண்டுக்கு மேல் அவனை வைத்திருக்க முடியாது. அவன் 2015 டிசம்பரில் வெளியே வந்தபோது எழுந்த கொதிப்பில், இரண்டு நாளில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டுக்குக் குறையாத கொடுங்குற்றம் ஒன்றை 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் செய்ததாகச் சொன்னால், அவருக்கு அதைச் செய்யும் உடல், மன ஆற்றலும் அதன் விளைவை உணரும் திறனும் இருந்தனவா என்று குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்யும். இருந்தது என்று தோன்றினால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கே பெரியவரைப் போல விசாரிக்கலாம். அப்போதும் மரண தண்டனை கிடையாது. விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை பாதுகாப்பு இல்லத்தில் இருந்து, திருந்தினாரா என்று மீண்டும் மதிப்பிடப்பட்ட பிறகே மிச்சக் காலம் பற்றிய முடிவு. மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் இரவில் ஒரு பையனின் மனம் எப்படி இருந்தது என்பதை இன்று ஓர் அறையில் உட்கார்ந்து கணிப்பது எளிய வேலை அன்று. குழுமத்தில் உளவியல் அறிந்தவர் இல்லாவிட்டால் வெளியிலிருந்து நிபுணரை வரவழைத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது.

கொடுங்குற்றம் என்றதும் மனத்தில் வருவது கொலையும் வன்கொடுமையும். அந்த வரையறைக்குள் காதலும் வந்து மாட்டிக்கொள்கிறது. 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் வீட்டைவிட்டுப் போனால், பெண்ணின் வீட்டார் புகாரில் பையன் மீது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வழக்கு விழும். பெண்ணின் சம்மதம் சட்டத்தின் கண்ணில் செல்லாது. பாலுறவு நடந்ததாக வந்துவிட்டால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை பத்து ஆண்டு. ஆக, பேருந்து நிறுத்தத்தில் தொடங்கிய பழக்கம் கொடுங்குற்றமாக நிற்கிறது. இந்தச் சிக்கலைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் தன் தீர்ப்புகளில் சுட்டிக்காட்டியது. பருவ வயதுக் காதலைத் தண்டிப்பது போக்சோ சட்டத்தின் நோக்கம் அல்ல என்று பின்னதில் சொல்லி, வழக்கை ரத்துசெய்தது. சட்டம் இன்னும் மாறவில்லை.

வேறொரு வகைப் பிள்ளைகள் பெரியவர்களின் கருவிகள். ‘சின்னப் பையன், சீக்கிரம் வெளியே வந்துடுவான்’ என்ற கணக்கில் கஞ்சாப் பொட்டலம் கொடுத்தனுப்பவும், எதிரியை நோட்டம் பார்க்கவும், கத்தி தூக்கவும் கும்பல்கள் சிறுவர்களைச் சேர்க்கின்றன. பையனுக்குக் கிடைப்பது பிரியாணி, புதுச் செல்போன், ‘தம்பி நம்ம ஆளு’ என்ற அங்கீகாரம். மூன்றில் கடைசிதான் அவனை இழுக்கிறது. குழந்தையைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 95ஆம் பிரிவு பத்து ஆண்டு வரை போகிறது. ஆனால் பையன் பிடிபட்ட வழக்கில் அவனை அனுப்பியவன் பெயரும் சேர்ந்தால்தானே அந்தப் பிரிவுகளுக்கு வேலை? அதைச் சொல்லும் தைரியம் பையனுக்கு வர வேண்டுமானால், திரும்பிப் போகும் தெருவில் அவனுக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டவரைப் பற்றி இந்தச் சட்டம் அதிகம் பேசுவதில்லை என்பது உண்மையான குறை. சங்கிலி பறிக்கப்பட்டு விழுந்து கை முறிந்த பெண்மணிக்கு, பையனின் அப்பா இறந்த கதை ஆறுதல் ஆகாது. தவறு செய்தவனைப் பாதிக்கப்பட்டவரின் முன் உட்கார வைத்து, நடந்ததைக் கேட்க வைத்து, ஈடு செய்ய வைக்கும் முறையை நியூசிலாந்து 1989ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குடும்பக் கூட்டம் என்ற வடிவில் கொண்டுவந்தது. மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து எடுத்தது அது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் பழக்கமுள்ள நம் நாட்டுக்கு அது அந்நியமாக இராது. சாதிப் பஞ்சாயத்தாகிவிடாமல் நடத்துவதுதான் கடினம்.

இல்லத்தின் கதவு திறந்து பையன் வெளியே வரும் நாளில் மறுவாழ்வின் கடினமான பகுதி தொடங்குகிறது. அதே தெரு, அதே டீக்கடை, அதே நண்பர்கள். பள்ளியில் சேரப் போனால் டிசி கேட்பார்கள். இடைவெளிக்குக் காரணம் கேட்பார்கள். தலைமையாசிரியருக்கு விஷயம் தெரிந்தால், ‘மத்தப் பசங்களையும் கெடுத்துடுவான்’ என்பார். இல்லத்தில் தையலும் தச்சும் கற்றவனுக்கு வெளியே உணவு டெலிவரியும் சென்ட்ரிங் வேலையும்தான் கிடைக்கும். 18 வயதில் இல்லத்தைவிட்டுப் போகிறவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவி உண்டு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதற்கு மாதம் ₹4,000 வைத்திருக்கிறார்கள். அந்தப் பணம் இருப்பதைப் பையனிடமோ அம்மாவிடமோ யாராவது சொல்ல வேண்டும். விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். பள்ளியில் இருக்கும்போதே பிள்ளைகளை எட்டிப்பிடிக்கக் காவல் துறை 2022இல் ‘சிற்பி’ திட்டத்தைத் தொடங்கியது. முதல்முறை சிறைக்கு வரும் 18 முதல் 24 வயதுக்காரர்களுக்காகச் சென்னையில் ‘பறவை’ திட்டம் வந்தது. இரண்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே, அதன் இரு கரைகளில் நிற்பவை.

பழைய வழக்கு வாழ்நாள் முழுதும் துரத்துமா என்பதுதான் ஒவ்வொரு தாயும் கேட்கும் கேள்வி. துரத்தக் கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. குழுமம் முடித்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் கடந்தபின் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. 74ஆம் பிரிவு இன்னும் ஒருபடி போகிறது. பையனின் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் எந்த ஊடகமும் வெளியிடக் கூடாது. வேலைக்காகவோ பாஸ்போர்ட்டுக்காகவோ நன்னடத்தைச் சான்று தரும்போது, முடிந்துபோன வழக்கைக் காவல் துறை குறிப்பிடக் கூடாது. மீறினால் ஆறு மாதச் சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் அபராதமும் வரலாம். மத்திய தொழில் பாதுகாப்புப் படையில் சேர வந்த ஒருவருக்கு, இளவயதில் இருந்த வழக்கைக் காரணம் காட்டி வேலை மறுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. பக்கத்து வீட்டுப் பையன் பிடிபட்ட வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவிடுகிறவர்களும் 74ஆம் பிரிவுக்குள் வரக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

குழுமத்தில் நடுவருக்கு இருபுறமும் உட்காரும் சமூகப் பணியாளர் இருவரும் நம்மைப் போன்றவர்கள்தான். குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலப்பணி ஆகியவற்றில் ஏழு ஆண்டு உழைத்தவர், அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர் அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். 35 வயது நிறைந்திருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டு. இடம் காலியாகும்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் செய்திக்குறிப்பாக நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக ஓர் அறிவிப்பு வரும். பிள்ளைகளோடு பேசத் தெரிந்த ஆசிரியர்களும் செவிலியர்களும் அடுத்தமுறை அதைக் கண்டால், தாளைப் புரட்டிவிடாமல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் விண்ணப்பப் படிவம் வாங்கலாம்.